ஃபெண்டர் ஃபிளேர் எதனால் உடைகிறது: படுவான்கரைப் பாதைகளில் ஓடிய ஒரு டபள் கெப்பின் பதிவு

ரயர் வாரும் கல்லையும் சேற்றையும் தடுக்கச் சில்லுக்கு மேலே மட்கார்ட் விளிம்பில் பொருத்தும் வளைவுதான் ஃபெண்டர் ஃபிளேர். அதை வாங்கப் போகிறவர் கடையில் முதலில் அதை விரலால் தட்டிப் பார்ப்பார், பிறகு அதன் தடிப்பைப் பார்ப்பார். தடித்தது நெடுநாள் நின்றுபிடிக்கும் என்பது பொதுவான எண்ணம். எங்கள் டபள் கெப்பில் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த சரக்குத் தட்டும் உள்ள வாகனம்) மூன்று வகை ஃபிளேர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி, உடைந்தவற்றைக் கழற்றி, அவற்றுக்குப் பின்னால் இருந்த மட்கார்ட் தகட்டையும் செப்பனிட்ட பிறகு எனக்கு அந்த எண்ணம் மாறிவிட்டது. பிளாஸ்டிக்கும் தகடும் சேரும் இடத்தில், பிளாஸ்டிக் வெயிலில் நீண்டு குளிரில் சுருங்குவதற்கு இடம் விட்டிருக்கிறதா, உள்ளே போன நீருக்கும் சேற்றுக்கும் வெளியேற வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளே ஆயுளைத் தீர்மானிக்கின்றன. தடிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது.

வாகனம் 1990களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வவுணதீவைத் தாண்டி ஆயித்தியமலை, உன்னிச்சைப் பக்கமாக இருக்கும் வயலுக்கு விதைநெல்லும் உரமும் ஏற்றிச் செல்வதே அதன் முதல் வேலை. ஆடி மாதத்தில், உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் யாத்திரிகர்களின் அன்னதானத்துக்காக அரிசியும் தண்ணீர்த் தாங்கியும் ஏற்றிக்கொண்டு, பாணமைக்கு அப்பாலுள்ள மணற்பாதையிலும் ஓடும். ஆகவே ஒரே வாகனம் மாரியில் வட்டைச் (வயல்வெளிச்) சேற்றையும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிறவல் புழுதியையும், கரையோரத்தில் உப்பு மணலையும் மாறிமாறிக் காண்கிறது. பாதையின் இருபுறமும் சூரைப் பத்தையும் ஈச்சம்பத்தையும் அடர்ந்து நிற்பதால், வாகனத்தின் பக்கங்கள் உராயாத பயணம் அரிது.

சேற்றில் புதையாதிருப்பதற்காக 31 அங்குல உயரமும் 10.5 அங்குல அகலமும் கொண்ட ரயர்களை மாற்றியபோதுதான் ஃபிளேர் தேவைப்பட்டது. 10.5 அங்குலம் என்பது 267 மில்லிமீற்றர். முன்பிருந்த ரயரின் அகலம் 205 மில்லிமீற்றர். அகலம் கூடியதோடு, புதிய றிம் சில்லைச் சற்று வெளியே தள்ளியும் வைத்ததால், ரயரின் ஓரம் மட்கார்ட் விளிம்பைத் தாண்டி 48 மில்லிமீற்றர் வெளியே நின்றது. அந்த நிலையில் ஓடினால் ரயர் வாரியெடுக்கும் கல்லும் சேறும் கதவிலும் கண்ணாடியிலும் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்திலும் படும். 75 மில்லிமீற்றர் வெளியே நீளும் ஃபிளேர் இதற்குப் போதுமானது.

முதலில் பொருத்தப்பட்டது 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் செட். பொருத்திய முறை இங்கே பெரும்பாலான வாகனங்களில் காணும் முறைதான்: தகட்டிலும் பிளாஸ்டிக்கிலும் ஒரே அளவில் இறுக்கமாகத் துளையிட்டு, தானே புரிவெட்டிக்கொண்டு இறங்கும் 4.2 மில்லிமீற்றர் ஸ்குரூ ஆணிகளால் முடுக்கி, மேல் விளிம்பில் பிவிசி பீடிங் (விளிம்புப் பட்டி) வைத்து, அதன் மேலாகச் சிலிக்கன் இழுத்திருந்தார்கள். வாகனம் கம்பீரமாகத்தான் தெரிந்தது. முதல் மாரி முடியும் முன்பே முன்புற வலது ஃபிளேரின் பின்கீழ் மூலை ஆடத் தொடங்கியது. அடுத்த வெயில் காலத்தில் அந்த மூலை துண்டாகக் கழன்று விழுந்தது.

விழுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் உடைவு எங்கிருந்து தொடங்கியது என்பது தெளிவாகத் தெரியும். ஸ்குரூ ஆணித் துளையின் விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் வெளிறி, அந்த வெளிறலிலிருந்து மயிரிழை போன்ற கீறல்கள் புறப்பட்டு, அவற்றில் ஒன்று மட்டும் ஓரம் வரை ஓடியிருந்தது. உடைந்த முகத்தில் துளைக்கு அருகே அழுக்கு ஊறிக் கறுத்திருந்தது, ஓரத்துக்கு அருகே புதிதாகப் பளபளத்தது. அதாவது கீறல் பல காலமாக உள்ளே வளர்ந்திருக்கிறது, கடைசிச் சில மில்லிமீற்றர் மட்டுமே ஒரே நாளில் உடைந்திருக்கிறது. மேற்பரப்பைப் பேனாக்கத்தியால் சீவினால், நல்ல ஏபிஎஸ் சுருள் சுருளாக வர வேண்டும். இதிலோ சாம்பல் நிறத் தூளாக உதிர்ந்தது. ஏபிஎஸ்ஸுக்கு வளையும் தன்மையைக் கொடுப்பது அதற்குள் இருக்கும் பியூட்டடையீன் இறப்பர். வெயிலின் புறஊதாக் கதிர் முதலில் தாக்குவது அந்த இறப்பரைத்தான். அது போனால் மிஞ்சுவது கண்ணாடி போல் உடையும் பிளாஸ்டிக்.

ஸ்குரூ ஆணியின் பங்கையும் சொல்ல வேண்டும். மட்கார்ட் தகட்டின் தடிப்பு 0.8 மில்லிமீற்றர், அந்த ஆணியின் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையிலுள்ள தூரம் 1.4 மில்லிமீற்றர். ஒரு முழுப் புரிகூடத் தகட்டைப் பிடிக்கவில்லை என்பதே இதன் பொருள். கிறவல் வீதியின் அதிர்வில் ஆணி தளர்கிறது, தளர்ந்த ஆணி துளையைப் பெருப்பிக்கிறது, பெருத்த துளையின் வெட்டுமுகத்தில் பெயின்ற் இல்லை, கறள் அங்கேதான் தொடங்குகிறது.

உடனே செட்டை மாற்றாமல், இருந்ததை ஒட்டிப் பார்ப்பதே முதலில் எடுத்த வழி. ஏபிஎஸ் அசற்றோனில் கரையும். உடைந்த ஃபிளேரின் உட்புறத்திலிருந்து சீவிய துகள்களை அசற்றோனில் ஊற வைத்தால் கூழ் போன்ற பசை கிடைக்கும், அதைக் கீறலில் நிரப்பி, பின்புறத்தில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் வலைத் துண்டைச் சூடான சோல்டரிங் அயனால் பதித்தால் இணைப்பு உறுதியாகவே அமையும். அமைந்தது. ஒட்டிய இடம் கடைசி வரை விடவில்லை. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளிப் புதிய கீறல் வந்தது. கத்தியால் சீவும்போது தூளாக உதிரும் ஏபிஎஸ்ஸில் ஒட்டு வேலை செய்வது வீண் என்பதை அந்தக் கீறல் உறுதிப்படுத்தியது. சுருளாக வருகிற புதிய பிளாஸ்டிக்கில், அடிபட்டு உடைந்ததை ஒட்டுவதற்கு இதைவிட மலிவான, நல்ல முறை வேறில்லை.

ஏன் துளையில் மட்டும் கீறல் என்பதை அறிய, அகச்சிவப்பு வெப்பமானியால் ஃபிளேரின் மேற்பரப்பை அளந்தேன். விடியற்காலையில் 26 பாகை செல்சியஸ், நிழலில்லாத வயற்கரையில் நிறுத்திய பிற்பகலில் 66 பாகை; வேறுபாடு 40 பாகை. முன்புற ஃபிளேர் வளைவின் வழியே 1.3 மீற்றர் நீளம். ஏபிஎஸ் ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.08 மில்லிமீற்றர் நீள்கிறது, உருக்குத் தகடோ 0.012 மில்லிமீற்றர்தான் நீள்கிறது. கணக்கிட்டால் அந்த 40 பாகைக்குப் பிளாஸ்டிக் 4 மில்லிமீற்றருக்கு மேல் நீளும்போது, தகடு அதே அளவு சூடானால்கூட அரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டுகிறது. மீதி மூன்றரை மில்லிமீற்றர் போக இடமில்லாமல், இறுக்கமான துளைகளில் ஆணியின் உடலை நாள்தோறும் தள்ளிக்கொண்டிருக்கிறது. தடித்த பிளாஸ்டிக் இதற்கு மருந்தல்ல. தடிப்பு கூடக்கூடத் தள்ளும் விசையும் கூடும்.

பழைய செட்டை முழுவதும் கழற்றியபோதுதான் தகட்டின் நிலை தெரிந்தது. பீடிங்கின் அடியில் சிக்கிய மணல், வாகனம் அதிரும்போதெல்லாம் பெயின்றைத் தேய்த்து, விரல் நக அகலத்துக்கு உலோகம் தெரியும்படி ஒரு கோட்டை வளைவு முழுக்க வரைந்திருந்தது. கீழ் மூலைகளில் சேறும் வைக்கோல் துணுக்கும் இறுகி, செங்கல் போலக் கட்டியாக நின்றது. சிலிக்கன் மேலே அடைத்திருந்ததால் உள்ளே போன ஈரம் காயவே இல்லை. பூசியிருந்தது வினாகிரி மணம் வீசும் வகைச் சிலிக்கன். அது இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும், வெறும் உருக்கின் மேல் அது பட்டால் கறள் விரைந்து ஏறும். வாகனத் தகட்டுக்கு அந்த வகையைப் பயன்படுத்தவே கூடாது. பிவிசி பீடிங் தொட்டுக்கொண்டிருந்த ஏபிஎஸ் விளிம்பும் மெழுகு போலப் பிசுபிசுத்திருந்தது; பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து ஏபிஎஸ்ஸைக் கெடுப்பதே அதற்குக் காரணம்.

தகட்டுக்குள் புகுவதற்கு முன், இடையில் செய்த ஃபைபர் முயற்சியைச் சொல்லிவிடுகிறேன். கரையோரம் எங்கும் மீன்பிடிக்கு ஃபைபர் படகுகள் ஓடுவதால் றெசினும் கண்ணாடி நார்ப் பாயும் இங்கே கிடைப்பது எளிது, வேலை தெரிந்தவர்களும் உண்டு. பழைய முன்புற ஃபிளேர்களையே அச்சாக வைத்தேன். பொலியெஸ்டர் றெசினில் உள்ள ஸ்டைரீன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும் என்பதால், அச்சின் மேற்பரப்பு முழுவதிலும் பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, அதன் மேல் தரை மெழுகைத் தேய்த்து, சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள நார்ப் பாயை மூன்று அடுக்காகப் போட்டோம். ஒவ்வோர் அடுக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தருவதால் மொத்தம் 3 மில்லிமீற்றர் வந்தது. வெயிலும் உப்பும் அதை அசைக்கவில்லை, விரிவும் ஏபிஎஸ்ஸைவிட மிகக் குறைவு. ஆயினும் வட்டைக்குள் ஒரு பாலை மரக் குற்றியில் இடது பக்கம் உரசியபோது ஃபைபர் சிறிது வெடித்ததோடு நிற்காமல், அதைத் தாங்கிய மட்கார்ட் தகட்டையும் உள்ளே இழுத்து நெளித்துவிட்டது. காட்டுப் பாதையில் ஃபிளேர் என்பது தகட்டுக்கு முன் அடிவாங்க வேண்டிய பொருள்; அடியை அப்படியே தகட்டுக்குக் கடத்தினால் அது இருப்பதே நட்டம். தார் வீதியில் மட்டும் ஓடும் வாகனத்துக்கு நான் இன்றும் ஃபைபரைத்தான் பரிந்துரைப்பேன்.

மட்கார்ட் வேலைக்குக் காத்தான்குடியில் வாகனத் தகடு திருத்தும் டிங்கர் நானாவிடம் போனேன். கறள் பிடித்த இடத்தைச் சுத்தியலின் கூரான முனையால் மெல்லத் தட்டினார். இரண்டு இடங்களில் முனை அப்படியே உள்ளே போனது.

“தம்பி, இதுக்கு மேல பெயின்ற் அடிச்சி வேலல்ல. கறள் உள்ளுக்க இருந்து வந்திருக்கு. வெட்டித்தான் எடுக்கோணும்.”

“அப்ப வெட்டுங்க நானா. துளை எல்லாத்தையும் அடைச்சே தாங்க, புதுசா நான் அளந்து போடுறன்.”

அவர் நான்கு வளைவுகளின் கீழ் மூலைகளையும் வெட்டி, 0.8 மில்லிமீற்றர் புதுத் தகட்டை மாதிரி வெட்டிப் பொருத்தி, தகடு சூட்டில் நெளியாதபடி ஒரு புள்ளி இங்கும் ஒரு புள்ளி அங்குமாக வெல்டிங் வைத்து நிரப்பினார். பழைய ஆணித் துளைகளுக்கும் அதுவே. பள்ளம் நிரப்பப் பூசும் பொட்டிப் பசையை மிக மெல்லியதாக மட்டும் அனுமதித்தேன், ஏனெனில் ஃபிளேர் அமரும் கோட்டில் பொட்டி இருந்தால் போல்ட் இறுக்கத்தில் அது வெடிக்கும். அதன் மேல் இரட்டைக் கலவை எப்பொக்சி பிரைமர் இரண்டு பூச்சு, பிறகு வாகனத்தின் நிறம். வளைவின் உட்புறத்துக்கும் அதே பிரைமர். இந்த ஒரு வேலையை யாரும் கேட்காவிட்டால் எந்தக் கராஜிலும் செய்வதில்லை.

மூன்றாவது செட்டுக்குத் தடிப்பைப் பார்க்காமல் பொருளைப் பார்த்துத் தேடினேன். முறியாமல் வளையும் பிளாஸ்டிக்கான பொலிபுரொப்பிலீனில் ஃபிளேர் வேண்டும் என்று கேட்டால், எல்லாக் கடைகளிலும் “இது அதுதான்” என்றே சொல்வார்கள். வீட்டிலேயே சோதிக்க வழி உண்டு. உட்புற ஓரத்தில் ஒரு சிறு சீவலை எடுத்து நன்னீரில் போட்டு, காற்றுக் குமிழி ஒட்டாதபடி விரலால் அமிழ்த்தி விட்டால், கலப்பில்லாத பொலிபுரொப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் அமிழும். இன்னொரு சீவலை நெருப்பில் காட்டினால் ஏபிஎஸ் கரும்புகை கக்கிக் கரித்துகள் பறக்க எரியும். பொலிபுரொப்பிலீன் அதிகம் புகையாமல் உருகிச் சொட்டி, அணைத்தபின் மெழுகுதிரி மணம் தரும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய செட் இரண்டிலும் தேறியது. தடிப்பு இரண்டரை மில்லிமீற்றர்தான். இரு முனைகளையும் கையால் பிடித்து முறுக்கினால் ஏபிஎஸ் முறியும் எல்லையையும் தாண்டி வளைந்து, விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பியது. நிறம் கரிக்கறுப்பு, பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் கரித்தூள் வெயிலைத் தடுக்கும் வேலையைச் செய்வதால் அதை அப்படியே விட்டேன். வாகன நிறம் பூச வேண்டுமென்று விரும்புபவர்கள், பொலிபுரொப்பிலீனில் பெயின்ற் பிடிப்பதற்கென்றே உள்ள முதற்பூச்சைப் பூசாவிட்டால் முதல் பத்தையிலேயே தோலாக உரியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பொலிபுரொப்பிலீன் ஏபிஎஸ்ஸைவிடக் கூடுதலாகவே விரிவடையும். முன்புற ஃபிளேருக்கு என் கணக்கில் 6 மில்லிமீற்றர் வரை. ஆகவே துளைகளில்தான் முழுக் கவனமும் வைத்தேன். வளைவின் உச்சியில் இருக்கும் நடுத்துளையை மட்டும் 6.5 மில்லிமீற்றர் வட்டமாக விட்டு அதை நிலையான புள்ளியாக்கினேன். அங்கிருந்து இருபுறமும் உள்ள துளைகளை, 7 மில்லிமீற்றர் அகலமும் 13 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட நீள்துளைகளாக வளைவின் போக்கிலேயே அரத்தால் அராவினேன். அரத்தின் தடம் கீறலுக்கு வித்தாகும் என்பதால் ஒவ்வொரு நீள்துளையின் உள்விளிம்பையும் 400 இலக்கச் சாண்ட் பேப்பரைச் சுருட்டி வழவழப்பாக்க வேண்டியிருந்தது. சலிப்பான வேலைதான், முழுச் செய்முறையிலும் மிகுந்த பயன் தந்ததும் அதுவே. முன்புறத்தில் பக்கத்துக்கு ஏழு, பின்புறத்தில் பக்கத்துக்கு ஆறு துளைகள்.

தகட்டில் துளையிடும் இடங்களைக் காட்போட் மட்டையில் வெட்டிய மாதிரியால் குறித்தேன். ஒரு பக்கத்துக்கு வெட்டியதைப் புரட்டி மறுபக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்று பார்த்தால், பழைய வாகனத்தில் இடதும் வலதும் ஒத்துவரவில்லை. முன் வளைவுகளிடையே 5 மில்லிமீற்றர் வேறுபாடு இருந்ததால் இரண்டுக்கும் தனித்தனி மட்டை வெட்டினேன். ஒவ்வொரு துளையின் வெட்டுமுகத்துக்கும் சிறு தூரிகையால் எப்பொக்சி பிரைமர் தொட்டு, ஒரு நாள் காயவிட்டேன்.

முன்புறத்தில் மட்கார்ட்டின் உட்பக்கம் கைக்கு எட்டும். அங்கே 6 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் போல்ட், 25 மில்லிமீற்றர் அகன்ற வோசர், தகட்டுக்கும் உலோக வோசருக்கும் இடையில் நைலோன் வோசர், உள்ளே நைலோன் வளையம் வைத்த நட் என்று அடுக்கினேன். நட் தளராமலிருக்கப் புரியில் பூசும் பசைத் திரவத்தைத் தவிர்ப்பது நல்லது. அது சில பிளாஸ்டிக்குகளை, குறிப்பாக ஏபிஎஸ்ஸைக் கீற வைக்கும். இறுக்கம் எவ்வளவு என்பதற்கு ஓர் எளிய அளவு: வோசர் விரலால் சுழலாத நிலை வந்ததும் கால் சுற்று மட்டும் கூட்ட வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் நீள்துளை அராவியதற்குப் பயனில்லை, பிளாஸ்டிக் நகராது.

பின்புறத்தில் சரக்குத் தட்டின் சில்லு வளைவு இரட்டைத் தகடு. உள்ளே கை போகாது. அங்கே வெல்நட் பயன்படுத்தினேன். பித்தளை நட்டைச் சுற்றி இறப்பர் உறை. துளையில் செருகிப் போல்ட்டை முடுக்கும்போது இறப்பர் தகட்டின் பின்னால் பிதுங்கி இறுகும். 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்குரியதற்கு 13 மில்லிமீற்றர் துளை வேண்டும், ஆதலால் துளையின் ஓரம் தகட்டின் விளிம்புக்கு 15 மில்லிமீற்றருக்கு மேல் நெருங்காதபடி பார்த்துக்கொண்டேன். உள்ளே கை எட்டாத குறைக்குத் தீர்வாகத்தான் இதைத் தேர்ந்தேன், வேறெந்த எண்ணமும் இருக்கவில்லை.

ஃபிளேரின் மேல் விளிம்புக்கு ஈபிடிஎம் இறப்பர் பீடிங். அது அமரும் தகட்டில் 40 மில்லிமீற்றர் அகலத்தில், ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும் தடித்த, நிறமற்ற ஒட்டுப்படலம். சிலிக்கன் எங்கும் இல்லை. கீழ் மூலைகளில் பீடிங்கை 40 மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டி நீக்கி, ஃபிளேரின் உள்மடிப்பில் மிகத் தாழ்வான புள்ளியில் 10 மில்லிமீற்றர் துளையும் இட்டேன். நீர் உள்ளே போவதைத் தடுக்க முடியாது, போன நீர் தங்காமல் இருந்தால் போதும்.

ரயர் முட்டுகிறதா என்று பார்க்க வயற்களிமண் உதவியது. புளியம்பழ அளவு உருண்டைகளை ஃபிளேரின் உட்புறத்தில் ஆறு இடங்களில் அப்பி, வாகனத்தை ஒரு முன்சில்லு வரம்பிலும் அதே பக்கப் பின்சில்லு வாய்க்காலிலுமாக ஏற்றி நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பினேன். பிறகு நசுங்கிய களிமண்ணின் தடிப்பைக் கலிப்பரால் அளந்தால், மிகக் குறுகிய இடைவெளி எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிடும். முன்புற வலதில் பம்பர் பக்கத்து முனையில் 4 மில்லிமீற்றர்தான் இருந்தது. அந்த முனையில் உள்மடிப்பை 12 மில்லிமீற்றர் அரிந்து எடுத்தேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் வீதியில் இறக்கினால், முதல் குழியில் ரயரே அளந்து காட்டும்.

சேர்விஸ் நிலையத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. கழுவிய பிறகு அடிப்பாகத்துக்கு மண்ணெண்ணெய் கலந்த ஒயிலை விசிறுவதும், கறுப்புப் பிளாஸ்டிக் மினுங்க டீசல் துணியால் துடைப்பதும் இங்கே வழக்கம். ஈபிடிஎம் இறப்பர் வெயிலையும் மழையையும் சிறப்பாகத் தாங்கும், ஆனால் பெற்றோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். ஏபிஎஸ் ஃபிளேராக இருந்தால் அழுத்தத்தில் இருக்கும் துளைகளில் கீறல் விழவும் கூடும். ஆகவே ஒயில் விசிறலைச் சில்லு வளைவுகளுக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லி, ஃபிளேர்களை வெறும் சோப்புத் தண்ணீரால் மட்டும் கழுவச் செய்கிறேன். மணற்பாதையிலிருந்து திரும்பியதும் கீழ் மூலைகளில் தண்ணீர்க் குழாயைச் செருகி, வடியும் நீர் தெளியும் வரை விடுவது வழக்கமாகிவிட்டது.

இரண்டு பெரும்போகம் கடந்து, வட்டைப் பாதைகள் காய்ந்தபின் நான்கு ஃபிளேர்களையும் கழற்றிப் பார்த்தேன். ஒரு நீள்துளையிலும் கீறல் இல்லை. துளைகளின் இரு முனைகளிலும் போல்ட் உரசிய மினுக்கம் தெரிந்தது, பிளாஸ்டிக் நகர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. மேற்பரப்பில் சூரை முள் கீறிய கோடுகள் உண்டு, ஆனால் கத்தியால் சீவினால் இன்னும் சுருளாகவே வருகிறது. படலத்தின் அடியில் பெயின்ற் புதிதாக இருந்தது, படலம் மட்டும் மணல் தேய்த்து மங்கியிருந்தது. சேற்றுக்கட்டி எங்கும் இல்லை. வடிதுளை ஒன்றில் மட்டும் வைக்கோல் அடைத்திருந்தது.

எதிர்பாராத வேறுபாடு துளைகளில் இருந்தது. முன்புறத்தில் மூன்று துளைகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் கண்டிருந்தது. அந்த மூன்றிலும் நைலோன் வோசர் நசிந்து, ஸ்டெயின்லெஸ் போல்ட் தகட்டின் வெட்டுமுகத்தைத் தொட்டிருந்தது. உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸும் சாதாரண உருக்கும் தொட்டுக்கொண்டால் அரிக்கப்படுவது உருக்குத்தான். பின்புறத்தில் வெல்நட் போட்ட பன்னிரண்டில் ஒன்றிலும் கறள் இல்லை, ஏனென்றால் அங்கே உலோகம் உலோகத்தைத் தொடவே வழியில்லை, துளையையும் இறப்பரே அடைத்துவிடுகிறது. அத்தோடு, இடையில் பின்புற இடது ஃபிளேர் ஒரு வேலிக் கட்டையில் மாட்டி இழுபட்டபோது இரண்டு வெல்நட்கள் துளையிலிருந்து பிடுங்குண்டு வந்தனவே தவிர, தகடு நெளியவில்லை, ஃபிளேரும் முறியவில்லை. அதே வெல்நட்களை மறுபடி செருகி முடுக்கியதோடு வேலை முடிந்தது. ஃபைபர் செட் தகட்டையே நெளித்த அதே வகையான அடி அது.

செலவைப் பொறுத்தவரை, பொலிபுரொப்பிலீன் செட்டுக்கு 58,000 ரூபா, டிங்கர் வேலைக்கும் பெயின்றுக்கும் 32,000 ரூபா, போல்ட், வோசர், வெல்நட் எல்லாம் சேர்த்து 4,600 ரூபா, ஆறு மீற்றர் பீடிங்குக்கு 2,100 ரூபா, படலத்துக்கு 1,800 ரூபா ஆயிற்று. ஃபைபரில் செய்த முன்புறச் சோடிக்கு 14,000 ரூபா போனது. கணக்கைப் பார்த்தால் ஃபிளேருக்கு அடுத்த பெரிய தொகை, பழைய செட்டைத் தவறாகப் பொருத்தியதால் கெட்ட தகட்டைத் திருத்தியதற்கே போயிருக்கிறது. சரியாகப் பொருத்துவதற்குரிய உதிரிகள் எல்லாம் சேர்ந்தும் 8,500 ரூபாதான்.

அடுத்த பருவ மழைக்கு முன் முன்புறத் துளைகளையும் வெல்நட்டுக்கு மாற்றப் போகிறேன். 6.5 மில்லிமீற்றர் துளைகளை 13 மில்லிமீற்றருக்குப் பெருப்பிக்கும்போது அந்த மூன்று பழுப்பு வளையங்களும் தூளோடு போய்விடும். வெட்டுமுகத்துக்கு மறுபடி எப்பொக்சி தொட்டு ஒரு நாள் விட வேண்டும். நடுத்துளை மட்டும் நிலையான புள்ளி ஆகையால் அங்கே ஸ்டெயின்லெஸ் போல்ட்டே இருக்கும், நைலோன் வோசருக்குப் பதிலாகக் கழுத்துள்ள நைலோன் புஷ் வைத்து, போல்ட்டின் உடல் தகட்டைத் தொடாதபடி செய்வேன். வடிதுளைகளை 10 மில்லிமீற்றரிலிருந்து 16 மில்லிமீற்றருக்குக் கூட்ட வேண்டும், அடைத்த வைக்கோல் துணுக்கின் நீளத்தைப் பார்த்தால் அதற்குக் குறைந்த துளை வயற்பாதைக்குக் காணாது.